செயற்கை ரப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரப்பர் பாகங்களை வார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் மக்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. குக்கர் காஸ்கெட் வாங்க வருபவரும், வண்டிக்கு ஆயில் சீல் தேடி வருபவரும், கையுறையால் கை அரிக்கிறது என்பவரும் கேட்பவற்றைக் கேட்ட சொற்களிலேயே எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் அடிப்படைக் கேள்விகளும் பிறகு சிக்கலானவையும் வருகின்றன.

செயற்கை ரப்பர் என்றால் என்ன? பிளாஸ்டிக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

இல்லை. இழுத்தால் பல மடங்கு நீண்டு, விட்டவுடன் ஏறக்குறைய பழைய அளவுக்கே திரும்பும் பொருளைத்தான் ரப்பர் என்கிறோம். அந்தக் குணம் ரப்பர் மரத்தின் பாலுக்கு மட்டும் உரியதன்று. பெட்ரோலிய வேதிப்பொருள்களைக் கொண்டு ஆலையில் உருவாக்கப்படும் வேறு பல பொருள்களுக்கும் அது உண்டு. அவை அனைத்துக்குமான பொதுப்பெயரே செயற்கை ரப்பர். குணத்திலும் விலையிலும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும் பல வகைகள் இந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

ரப்பருக்குள்ளே மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், பிழிந்த இடியாப்ப இழைகளைப்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இழுக்கும்போது அவை நிமிர்கின்றன. விட்டால் மறுபடியும் சுருள்கின்றன. இழைகள் ஒன்றையொன்று வழுக்கி நிரந்தரமாக விலகிவிடாதபடி கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி ஆங்காங்கே முடிச்சுப் போடுவதையே வல்கனைசிங் என்கிறோம். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்த முறை இது. நாம் அன்றாடம் பார்க்கும் பிளாஸ்டிக்கில் இத்தகைய முடிச்சுகள் பெரும்பாலும் இல்லாததால் அது சூட்டில் உருகும். வல்கனைசிங் செய்த ரப்பர் உருகாமல் கருகும். இந்த வேறுபாடு பழைய டயரைப் பற்றிய கேள்வியில் மறுபடியும் வரும்.

அப்படியென்றால் அது டூப்ளிகேட் ரப்பர்தானே? ஒரிஜினல் ரப்பரே நல்லது இல்லையா?

அதிகமாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். தவறான பொருளை வாங்க வைப்பதும் இந்த எண்ணம்தான். இயற்கை ரப்பருக்கு நிகரற்ற சில வலிமைகள் உண்டு. எளிதில் கிழியாது, மீண்டும் மீண்டும் வளைந்து நிமிரும்போதும் உள்ளே அதிகம் சூடேறாது. பெருஞ்சுமை தாங்கும் லாரி டயரிலும் விமான டயரிலும் இன்றும் அதுவே முதன்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அதே இயற்கை ரப்பர் பெட்ரோலிலோ எஞ்சின் ஆயிலிலோ ஊறினால் உப்பி வலுவிழந்துவிடும். வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். 80 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநாள் தாக்குப்பிடிக்காது. இத்தகைய இடங்களுக்கென்றே செயற்கை வகைகள் உருவாக்கப்பட்டன. அவற்றில் சில, இயற்கை ரப்பரைப்போலப் பல மடங்கு விலையுள்ளவை. எனவே கடையில் கேட்க வேண்டியது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்பதன்று. இந்த வேலைக்கு எந்த ரப்பர் என்பதுதான். உலக அளவில் இன்று பயன்படும் ரப்பரில் பாதிக்கும் சற்று அதிகமாகச் செயற்கை ரப்பரே இருக்கிறது. கேரளமும் கன்னியாகுமரி மாவட்டமும் ரப்பர் விளையும் பகுதிகளாக இருக்கும் இந்தியாவிலோ இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல்.

இதை எதிலிருந்து எப்படிச் செய்கிறார்கள்?

அதிகமாகப் பயன்படும் ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பரை, அதாவது எஸ்.பி.ஆர். எனப்படுவதை, எடுத்துக்கொள்வோம். கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவைக் கடும் சூட்டில் பிளக்கும்போது பியூட்டாடையீன் என்ற வாயு கிடைக்கிறது. பென்சீனையும் எத்திலீனையும் கொண்டு ஸ்டைரீன் தயாரிக்கப்படுகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு பியூட்டாடையீனையும் கால் பங்கு ஸ்டைரீனையும் சோப்பு கலந்த நீரில் கலக்கி, வினையைத் தொடங்கிவைக்கும் தூண்டியைச் சேர்த்து, சுமார் 5 பாகை குளிரில் வினைபுரியச் செய்தால், மரத்துப் பாலைப் போன்ற வெண்ணிறப் பால்மம் உண்டாகிறது. அதைத் திரியவைத்து, கழுவி, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி விற்கிறார்கள்.

அந்தக் கட்டி இன்னும் எந்த வேலைக்கும் உதவாது. கந்தகம், துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், வினையை விரைவுபடுத்தும் ஆக்சிலரேட்டர், கார்பன் பிளாக், எண்ணெய் ஆகியவற்றை உருளை மில்லில் அதனுடன் பிசைந்த பிறகே காம்பவுண்ட் எனப்படும் கலவை கிடைக்கிறது. அதை அச்சில் வைத்து 150 முதல் 180 பாகை வரை சூடாக்கி அழுத்தும்போது வடிவமும் வல்கனைசிங்கும் ஒருசேர முடிகின்றன. ஒரே பெயருள்ள ரப்பரில் செய்த இரண்டு வாஷர்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் உழைப்பதும் மற்றொன்று சில மாதங்களில் வெடிப்பதும் பெரும்பாலும் இந்தக் கலவையின் வேறுபாட்டால்தான்.

இந்தியாவில் எஸ்.பி.ஆர். உற்பத்தி 1963-இல் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் தொடங்கியது. அங்கே கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலே மூலப்பொருளாக இருந்தது. 2013-இல் அரியானாவின் பானிப்பட்டில் ஆண்டுக்கு 1.2 லட்சம் டன் திறனுள்ள ஆலையும், 2014-இல் குஜராத்தின் ஹசீராவில் 1.5 லட்சம் டன் திறனுள்ள ஆலையும் செயல்படத் தொடங்கின.

மரம் இருக்கும்போது இதைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை எப்படி வந்தது?

ஆய்வு தொடங்கியது அறிவியல் ஆர்வத்தால். ஆலைகள் எழுந்தது போர்களால். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹோஃப்மான் 1909-இல் செயற்கை ரப்பருக்கான காப்புரிமையைப் பெற்றார். முதல் உலகப் போரில் கடல்வழி முற்றுகைக்கு உள்ளான ஜெர்மனி, மெத்தில் ரப்பர் என்ற வகையை இரண்டாயிரம் டன்னுக்குச் சற்று அதிகமாகத் தயாரித்தது. அது தரத்தில் தாழ்ந்ததாகவும் விலையில் உயர்ந்ததாகவும் இருந்ததால் போர் முடிந்ததும் கைவிடப்பட்டது. சோவியத் நாட்டில் செர்கேய் லெபெதேவ் வகுத்த முறைப்படி, ஆல்கஹாலிலிருந்து பியூட்டாடையீன் ரப்பர் செய்யும் ஆலை 1932-இல் யாரோஸ்லாவில் இயங்கத் தொடங்கியது. எஸ்.பி.ஆர். 1929-இல் ஜெர்மனியில் புனா எஸ் என்ற பெயரில் பிறந்தது. அமெரிக்காவின் டியூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழுவைச் சேர்ந்த ஆர்னால்ட் காலின்ஸ் 1930-இல் உருவாக்கிய வகையே பின்னர் நியோப்ரீன் என்ற பெயர் பெற்றது.

1942-இன் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்றியபோது, உலகின் இயற்கை ரப்பர் வரத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு நேச நாடுகளுக்கு அடைபட்டது. அமெரிக்க அரசு எண்ணெய் நிறுவனங்களையும் டயர் நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒன்றுசேர்த்து எஸ்.பி.ஆர். உற்பத்தியை முடுக்கியது, 1945-இல் அது மாதத்துக்குச் சுமார் 70,000 டன்னை எட்டியது. இந்த வரலாறு வெற்றிக்கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதன் மறுபுறத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோன மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் பர்மா ரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நோயிலும் பசியிலும் மடிந்தார்கள். போலந்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமை ஒட்டி மோனோவிட்ஸில் ஜெர்மானியர்கள் எழுப்பிய புனா ஆலைக்காக ஆயிரக்கணக்கான கைதிகள் உயிரிழந்தார்கள். அந்த ஆலையிலிருந்து கடைசிவரை ரப்பர் வெளிவரவே இல்லை.

கடையில் நைட்ரைல், நியோப்ரீன், ஈ.பி.டி.எம்., சிலிக்கோன் என்று அடுக்குகிறார்கள். எது எதற்கு?

நைட்ரைல் எண்ணெய்க்கான ரப்பர். பியூட்டாடையீனுடன் அக்ரிலோநைட்ரைலைச் சேர்த்துச் செய்வதால் பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில், சமையல் எண்ணெய் ஆகியவை அதற்குள் எளிதில் புகுவதில்லை. ஆயில் சீல், ஓ-ரிங் எனப்படும் அடைப்பு வளையம், பெட்ரோல் குழாயின் உட்புறம் போன்றவை பெரும்பாலும் நைட்ரைலே. வெயிலும் ஓசோனும் மட்டும் அதற்கு ஆகா. ஈ.பி.டி.எம். இதற்கு நேர் எதிர்: வெயில், மழை, நீராவி, ஓசோன் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் தாங்கும், எண்ணெயில் உப்பிப் போகும். கார் கதவைச் சுற்றியுள்ள பட்டை, ரேடியேட்டர் குழாய், முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்தின் கதவு வளையம் ஆகியவற்றில் இது இருக்கிறது.

நியோப்ரீன் இரண்டுக்கும் இடைப்பட்டது. எண்ணெயையும் வெயிலையும் ஓரளவு தாங்கும். அதிலுள்ள குளோரின் காரணமாகத் தீயை எளிதில் பரவ விடாது. இயந்திர பெல்ட், மின்கம்பி உறை, கடலில் மூழ்குவோர் அணியும் உடை எனப் பல இடங்களில் அதைப் பார்க்கலாம். மேம்பாலத்தின் தூணுக்கும் மேல்தளத்துக்கும் இடையே தடித்த கறுப்புத் திண்டு ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எஃகுத் தகடுகளை உள்ளே வைத்து வார்க்கப்பட்ட அந்தத் திண்டும் பெரும்பாலும் நியோப்ரீன்தான். வெப்பத்தில் பாலம் நீள்வதையும் குறுகுவதையும் அது தாங்கிக்கொள்கிறது.

சிலிக்கோனின் முதுகெலும்பில் கரிமத்துக்குப் பதிலாக சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறி வருவதால், கடுங்குளிரிலிருந்து சுமார் 200 பாகை வரை மென்மை மாறாமல் இருக்கிறது. உணவுக்கும் மருத்துவத்துக்கும் ஏற்றது. ஆனால் கூர்மையான விளிம்பு பட்டால் எளிதில் கிழியும்.

டயர் முழுக்க ஒரே ரப்பர்தானா? டியூபும் அதுவேதானா?

ஒரு கார் டயருக்குள்ளேயே நான்கைந்து வகைக் கலவைகள் இருக்கின்றன. சாலையைத் தொடும் டிரெட் பகுதியில் எஸ்.பி.ஆர். முதன்மையானது, ஈரச் சாலையில் நல்ல பிடிப்பைத் தருகிறது. தேய்மானத்தைக் குறைக்கப் பாலிபியூட்டாடையீனும் அதனுடன் சேர்க்கப்படுகிறது. ஓயாமல் வளையும் பக்கச்சுவரில் இயற்கை ரப்பரும் பாலிபியூட்டாடையீனும் கலந்திருக்கின்றன. உள்ளே நைலான், பாலியெஸ்டர் இழைகளையும் எஃகுக் கம்பிகளையும் பற்றிக்கொள்ளும் பகுதியில் இயற்கை ரப்பர் இருக்கிறது. லாரி டயரில் அதன் பங்கு இன்னும் கூடும். காரணத்தை இரண்டாம் கேள்வியில் பார்த்தோம்.

காற்றைப் பிடித்துவைக்கும் வேலை பியூட்டைல் ரப்பருடையது. 1937-இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் உருவாக்கிய இந்த வகையின் வழியே, இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு காற்றோ அதனினும் குறைவாகவோதான் கசியும். சைக்கிள், லாரி டியூப்கள் இதில்தான் வருகின்றன. டியூப்லெஸ் டயரின் உட்புறத்திலும் குளோரினோ புரோமினோ சேர்த்த பியூட்டைலின் மெல்லிய படலம் இருக்கிறது.

டயர் ஏன் எப்போதும் கறுப்பாகவே இருக்கிறது?

கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூளால். அது வெறும் சாயம் அன்று. எஸ்.பி.ஆர். தனியாக இருந்தால் இழுத்த மாத்திரத்தில் அறுந்துவிடும் அளவுக்கு வலுவற்றது. கார்பன் பிளாக்கைச் சேர்த்த பிறகு அதன் இழுவலிமை பல மடங்காகிறது, தேய்மானம் வெகுவாகக் குறைகிறது, புற ஊதாக் கதிரும் உள்ளே புகுவதில்லை. தொடக்ககால டயர்கள் துத்தநாக ஆக்சைடு கலந்து வெளிர்நிறத்தில்தான் இருந்தன, சீக்கிரமே தேய்ந்தன. 1990-களிலிருந்து கார் டயர்களில் கார்பன் பிளாக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்க்கிறார்கள். அது உருளும் தடையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துகிறது.

குக்கர் காஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்தால் மறுபடியும் இறுகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

சிறிது நேரத்துக்கு உண்மை. குளிரில் ரப்பர் சற்றே சுருங்கி விறைக்கிறது. அதனால் மூடியில் இறுக்கமாகப் பொருந்துவதுபோல் தோன்றும். அடுப்பில் ஏறிச் சூடானவுடன் பழைய நிலைக்கே வந்துவிடும். குக்கரின் உள்ளே வெப்பம் சுமார் 120 பாகை. அந்தச் சூட்டில் மீண்டும் மீண்டும் அழுத்தப்படும்போது உள்ளே புதிய முடிச்சுகள் விழுந்து, அழுந்திய வடிவமே அதற்கு நிரந்தரமாகிவிடுகிறது. அந்த மாற்றத்தை எந்தக் குளிராலும் திரும்பப் பெற முடியாது.

காஸ்கெட்டுகள் பெரும்பாலும் நைட்ரைலாலோ சிலிக்கோனாலோ ஆனவை. பக்கவாட்டில் ஆவி கசிந்தாலும், விரலால் வளைக்கும்போது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலும், தட்டையாகி விறைத்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். குக்கர் நிறுவனம் அந்த மாதிரிக்கென்று குறிப்பிட்ட காஸ்கெட்டையே வாங்குங்கள். அளவில் மிகச் சிறிய வேறுபாடும் ஆவி அழுத்தத்தைப் பாதிக்கும். வெந்தபின் மூடியிலேயே விட்டுவைக்காமல் கழற்றிக் கழுவி, விரித்து வைத்தால் அதன் ஆயுள் உண்மையாகவே கூடும்.

கேஸ் டியூப் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது? ஐந்து ஆண்டில் ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

சமையல் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அதாவது பெட்ரோலின் இனத்தைச் சேர்ந்தது. எனவே இயற்கை ரப்பர் இங்கே பொருந்தாது. எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் போன்றதொரு வகைதான் உட்புறத்தில் இருக்க வேண்டும். இன்று வரும் சுரக்ஷா டியூபின் நடுவே எஃகுக் கம்பி வலை இருக்கிறது. எலி கடித்தாலும் உட்குழாய் எளிதில் துளைபடாது. வெளியே ஆரஞ்சு நிற உறை. நீங்கள் பார்ப்பது அந்த உறையை மட்டுமே. உள்ளே ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்களை வாயு சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போவதும், அடுப்பின் வெப்பத்தால் முனைகள் விறைப்பதும் வெளியிலிருந்து தெரியாது.

டியூபின் மேல் ஐ.எஸ். 9573 என்ற தர எண்ணும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஆண்டு கடந்துவிட்டால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். கசிவு இருக்கிறதா என்று சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள்; தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கவே கூடாது. தண்ணீருக்கான பச்சை நிற பிளாஸ்டிக் குழாயை இதற்குப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உயிரைப் பறிக்கக்கூடிய வழக்கம் அது. தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள்.

கையுறை போட்டால் கை அரிக்கிறது. நைட்ரைலுக்கு மாறினால் போதுமா?

அரிப்பு இரண்டு காரணங்களால் வரலாம். இயற்கை ரப்பர் பாலில் உள்ள புரதங்கள் சிலருக்கு உடனடி ஒவ்வாமையைத் தருகின்றன: தடிப்பு, கண்ணெரிச்சல், அரிதாக உயிருக்கே ஆபத்தான மூச்சுத்திணறல். கையுறையில் தூவும் மாவு இந்தப் புரதத்தைக் காற்றில் பரப்புவதும் ஒரு காரணமாக, மாவிட்ட மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017-இல் தடைசெய்தது. இந்த வகை ஒவ்வாமை உள்ளவருக்கு நைட்ரைல் கையுறை முழுமையான தீர்வு, ஏனெனில் அதில் அந்தப் புரதம் இல்லை.

ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தோல் சிவந்து உரிந்தால் காரணம் வேறு. வல்கனைசிங்கில் பயன்படும் ஆக்சிலரேட்டரின் எச்சமே பெரும்பாலும் அதைச் செய்கிறது. நைட்ரைல் கையுறையிலும் அது இருக்கக்கூடும் என்பதால், ஆக்சிலரேட்டர் சேர்க்காத கையுறை என்று கேட்டு வாங்க வேண்டும். தோல் மருத்துவரையும் பாருங்கள். மூச்சுத்திணறல் வந்தவர்கள் எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும், பல் மருத்துவரிடமும் இதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

ரப்பர் பேண்ட், பலூன், அழிப்பான், ஹவாய் செருப்பு, ஜட்டி எலாஸ்டிக் எல்லாம் எந்த ரப்பர்?

ரப்பர் பேண்டும் சாதாரண பலூனும் பெரும்பாலும் இயற்கை ரப்பர். ஹவாய் செருப்பின் பஞ்சுபோன்ற அடிப்பாகத்தில் இயற்கை ரப்பரும் ஸ்டைரீன் சேர்ந்த செயற்கை வகைகளும் கலந்திருக்கும்; மிக லேசாக இருக்கும் புதுவகைச் செருப்புகள் ஈ.வி.ஏ. என்ற, வல்கனைசிங் இல்லாத நுரைப்பொருளால் ஆனவை. பள்ளிப் பிள்ளைகளின் வெண்மையான, தூள் உதிராத அழிப்பான் பெரும்பாலும் பி.வி.சி. ஆகும், பிளாஸ்டிக் பெட்டியில் நெடுநாள் ஒட்டிக் கிடந்தால் பெட்டியை இளக்கிவிடுவது அதிலுள்ள எண்ணெய்தான். உடைகளின் இழுபடும் நூல் ஸ்பான்டெக்ஸ் என்ற பாலியூரித்தேன் வகை. டியூபான்டைச் சேர்ந்த ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கியது. பட்டையான எலாஸ்டிக்கில் இயற்கை ரப்பர் இழையும் இருக்கும். பலரை வியக்கவைப்பது சூயிங்கம்: அதன் மெல்லும் அடிப்பொருளில் உணவுத்தரமுள்ள பியூட்டைல், பாலிஐசோபியூட்டிலீன் போன்ற செயற்கை ரப்பர்கள் சேர்க்கப்படுகின்றன.

பயன்படுத்தாமல் எடுத்துவைத்த ரப்பரும் வெடித்துப் போகிறதே, ஏன்?

ரப்பருக்கு வயதாவது பயன்பாட்டால் மட்டும் நிகழ்வதில்லை. இயற்கை ரப்பர், எஸ்.பி.ஆர்., நைட்ரைல் மூன்றின் சங்கிலியிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் அந்த இடங்களைத் தாக்கி அறுக்கிறது. இழுபட்டோ மடங்கியோ இருக்கும் இடத்தில் வெடிப்பு முதலில் விழும். ஈ.பி.டி.எம்., சிலிக்கோன் ஆகியவற்றின் முதுகெலும்பில் அத்தகைய பிணைப்புகள் இல்லாததால் அவை தப்பிக்கின்றன. ஆக்சிஜனின் வேலை வேறுவிதமானது: இயற்கை ரப்பரில் அது இழைகளை அறுப்பதால் பழைய ரப்பர் பேண்ட் பிசுபிசுக்கிறது, எஸ்.பி.ஆரிலும் நைட்ரைலிலும் கூடுதல் முடிச்சுகளைப் போடுவதால் அவை விறைத்து உடைகின்றன.

எனவே ரப்பர் பொருள்களை மடிக்காமல், வெயில் படாமல், ஓடும் மின்மோட்டாருக்கு அருகில் இல்லாமல் வையுங்கள். மோட்டாரின் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும். டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2322 என்று இருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஓடாத டயரானாலும் பல ஆண்டு பழையது என்றால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

நைட்ரைல் ஆயிலைத் தாங்கும் என்றால் பிரேக்கிலும் போடலாம்தானே?

கூடாது. எண்ணெய் தாங்கும் என்பதை எல்லாத் திரவத்தையும் தாங்கும் என்று புரிந்துகொள்வதால் வரும் தவறு இது. கார்களிலும் பைக்குகளிலும் டாட் 3, டாட் 4 என்று விற்கப்படும் பிரேக் திரவம் கிளைக்கால் என்ற நீர்த்தன்மையுள்ள திரவ வகையைச் சேர்ந்தது. பெட்ரோலிய எண்ணெய் அன்று. கிளைக்காலில் நைட்ரைல் உப்பிக் கெடும், ஈ.பி.டி.எம். அல்லது எஸ்.பி.ஆர். சீல்களே அதற்கு ஏற்றவை. ஒரு பொருள் தன் இனத்தைச் சேர்ந்த திரவத்தில்தான் ஊறும் என்பது பொது விதி: நீர்த்தன்மையுள்ள திரவங்களை ஈ.பி.டி.எம். உறிஞ்சாது, எண்ணெய்களை நைட்ரைல் உறிஞ்சாது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. பிரேக் திரவம் குறைந்திருக்கிறதென்று எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயில் கழுவிய பாகத்தையோ அந்த அமைப்புக்குள் விட்டால், அங்குள்ள சீல்கள் உப்பி, பிரேக் இறுகியோ வேலை செய்யாமலோ போய்விடும். அப்படி நேர்ந்தால் திரவத்தை மட்டும் மாற்றினால் போதாது. எல்லா ரப்பர் பாகங்களையும் மாற்ற வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் கெடும், சரி. குளிர் என்ன செய்துவிடும்?

ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு குளிர் எல்லை உண்டு. அதற்குக் கீழே சங்கிலிகள் அசைய முடியாமல் உறைந்து, ரப்பர் கண்ணாடியாகிவிடும். இயற்கை ரப்பருக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 70 பாகை, பாலிபியூட்டாடையீனுக்கு 100 பாகைக்கு அருகில், எஸ்.பி.ஆருக்கு 50-ஐ ஒட்டி. அந்த எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே ரப்பர் மந்தமாகிவிடுகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட காலை, ஃபுளோரிடாவில் உறைநிலையை ஒட்டிய குளிர். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த ஓ-ரிங், மிகுந்த சூட்டைத் தாங்கும் ஃபுளோரின் ரப்பரால் ஆனது. இணைப்பு அகன்றபோது அது விரைந்து விரிந்து இடைவெளியை மூடவில்லை. சுடுவாயு வெளியேறியதால் விண்ணோடம் சிதறி ஏழு பேர் உயிரிழந்தனர். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் விசாரணையில் அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியில் இறுக்கிப் பனிநீரில் அமிழ்த்தி எடுத்து, அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பாததை எல்லோர் முன்னும் காட்டினார். வெப்பத்தைத் தாங்கும் விலையுயர்ந்த ரப்பர் என்பதால் மட்டும் எல்லா இடத்துக்கும் அது ஏற்றதாகிவிடாது.

கையில் இருப்பது எந்த ரப்பர் என்று எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

அனுபவமுள்ளவர்கள் ஆய்வகத்தில் அப்படிச் செய்வதுண்டு. சிலிக்கோன் வெள்ளைச் சாம்பலை விடும். நியோப்ரீன் சுடரை விலக்கியவுடன் அணையும், நெடியுள்ள அமில ஆவி வரும். இயற்கை ரப்பரும் எஸ்.பி.ஆரும் கரும்புகையோடு எரியும். அந்தப் புகை நச்சுத்தன்மை உடையது என்பதால் வீட்டில் வேண்டாம். பார்வையாலும் கண்டுபிடிக்க முடியாது. கார்பன் பிளாக் சேர்ந்தால் எல்லாமே கறுப்புதான். எந்தத் திரவம் படும், எவ்வளவு சூடு, வெயிலா நிழலா, எவ்வளவு அழுத்தம் என்ற நான்கையும் கடைக்காரரிடம் சொல்லி, பொருளின் பெயரையும் ஷோர் ஏ அளவில் அதன் கடினத்தையும் பில்லில் எழுதி வாங்குவதே நம்பகமான வழி.

பழைய டயரை உருக்கி மறுபடியும் டயர் செய்ய முடியாதா? போகியில் எரித்தால் என்ன?

முதல் கேள்வியில் சொன்ன முடிச்சுகள்தான் தடை. வல்கனைசிங் செய்த ரப்பர் உருகாது என்பதால் பிளாஸ்டிக்கைப்போல மறுவார்ப்புச் செய்ய இயலாது. தேய்ந்த டிரெட்டை மட்டும் புதிதாக ஒட்டும் ரீட்ரெடிங், லாரி, பேருந்து டயர்களுக்கு மிக நல்ல வழி. அதற்கும் உதவாத டயரைத் தூளாக்கித் தார்ச்சாலைக் கலவையில் சேர்க்கிறார்கள். வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் முடிச்சுகளை ஓரளவு அவிழ்த்து, ரீக்ளெய்ம் ரப்பராக மிதியடி போன்றவற்றில் கலக்கிறார்கள்.

போகியன்று டயரைக் கொளுத்த வேண்டாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. திறந்தவெளியில் எரியும் டயரிலிருந்து நுண்கரி, கந்தக டை ஆக்சைடு, பென்சீன், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பலவளையச் சேர்மங்கள் ஆகியவை வெளியேறி, மார்கழிப் பனியில் தரையை ஒட்டியே தங்கிவிடுகின்றன. இயற்கை ரப்பர் டயராக இருந்தாலும் இதேதான். ஓடும் டயராலும் தீங்கு உண்டு: ஓசோனிலிருந்து டயரைக் காக்கச் சேர்க்கும் 6 பி.பி.டி. என்ற பொருள், ஓசோனோடு வினைபுரிந்து வேறொன்றாக மாறி, மழைநீரோடு ஓடைகளில் கலந்து அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதற்கு மாற்றைத் தேடும் பணி இப்போது டயர்த் தொழில் முழுவதையும் பற்றியிருக்கிறது.

மரம் தரும் ரப்பரையே அச்சு அசலாக ஆலையில் செய்ய முடிந்ததா?

பெருமளவுக்கு முடிந்தது. இயற்கை ரப்பரின் சங்கிலி ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு மீண்டும் மீண்டும் கோத்தது. எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கமாக வளைந்திருப்பதே அதன் சிறப்பு. பழைய முறைகளில் ஐசோப்ரீனைக் கோத்தபோது கண்ணிகள் இருபுறமும் தாறுமாறாக அமைந்தன. கார்ல் சீக்லரும் ஜூலியோ நாட்டாவும் உருவாக்கிய வினையூக்கிகள் 1950-களில் அந்த ஒழுங்கைச் சாத்தியமாக்கின. இருவருக்கும் 1963-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் மரத்தின் ரப்பரில் சிறிதளவு புரதமும் கொழுப்பும் சங்கிலியின் நுனிகளோடு சேர்ந்திருக்கின்றன. வல்கனைசிங்குக்கு முன்பே அதற்கு இருக்கும் வலு அதனால் வருகிறது. ஆலைப் பாலிஐசோப்ரீன் அந்த அளவில் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. புரதம் இல்லாமையே வேறோர் இடத்தில் பயனாகிறது: ஒவ்வாமை உள்ளவர்களுக்கான அறுவை சிகிச்சைக் கையுறைகளும், மருந்துக்குப்பிகளின் அடைப்பான்கள் சிலவும் பாலிஐசோப்ரீனில் செய்யப்படுகின்றன. லாரி டயரின் பச்சைக்கலவைக்கு, அதாவது இன்னும் வல்கனைசிங் செய்யாத கலவைக்கு, மட்டும் இன்றும் தோட்டத்து ரப்பரையே தேடுகிறார்கள்.